இரண்டு கன்னிவாடியும் ஓர் எத்தியோப்பிய மாணவரும்

போன தை மாதம், ஒரு சனிக்கிழமை மதியம். கன்னிவாடி பேருந்து நிறுத்தத்தில் ஒருவருக்காகக் காத்திருந்தேன். என்னுடன் வேளாண்மைக் கல்லூரியில் படித்து, இப்போது மதுரையில் பேராசிரியராக இருக்கும் நண்பர் காலையில் போன் செய்திருந்தார். "எத்தியோப்பியாவிலிருந்து வந்து இங்கே முதுகலை படிக்கிற பையன் ஒருத்தன் உங்க ஊர்ப் பக்கம் வர்றான். காபித் தோட்டம் பார்க்கணுமாம். கூட யாரையும் அனுப்பட்டுமான்னு கேட்டேன், வேண்டாம், நானே போய்க்கிறேன்னு சொல்லிட்டான். நீ கொஞ்சம் வழி மட்டும் காட்டி விடு."

ஒன்றரை மணிக்கு அந்தத் தம்பியே பேசினார். "சார், கன்னிவாடியில் இறங்கிவிட்டேன். வேப்பமரத்தடியில் நிற்கிறேன்." நானும் வேப்பமரத்தடியில்தான் நிற்கிறேன். எங்கள் ஊரில் ஆறடி உயரத்தில் ஓர் எத்தியோப்பியர் இறங்கினால் நான் பார்க்காவிட்டாலும் ஊர் பார்த்துச் சொல்லிவிடும். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. "மலை எந்தப் பக்கம் இருக்கிறது என்று சொல்லுங்கள், நடந்து வருகிறேன்" என்றேன். சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு, "சார், இங்கே மலையே இல்லையே" என்றார்.

போட்டோ அனுப்பச் சொன்னேன். வந்தது. கண்ணுக்கெட்டிய தூரம் தட்டையான நிலம், முள்வேலி, வேலிக்குள் செம்மறி ஆடுகள். பார்த்ததும் சிரித்துவிட்டேன். திருப்பூர் மாவட்டத்தில், மூலனூர் பக்கம், ஆட்டுச்சந்தைக்குப் பேர்போன இன்னொரு கன்னிவாடி உண்டு. போனில் இருக்கும் வரைபடம் அவரை அங்கே கொண்டு இறக்கியிருந்தது. மதுரையிலிருந்து பேருந்து மாறி மாறிப் போயிருக்கிறார். கேட்ட இடத்தில் எல்லாம் நடத்துநர்கள் சரியாகத்தான் வழி சொல்லியிருக்கிறார்கள். "எந்தக் கன்னிவாடி?" என்று ஒருவரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

இனி அன்றைக்கு மலையேற முடியாது. "ஒட்டன்சத்திரம் வந்து லாட்ஜில் தங்குங்கள், காலையில் பார்க்கலாம்" என்றேன். வருத்தப்படுவார் என்று நினைத்தேன். அவரோ, "சார், இந்த முள்மரம் என்ன? எங்கள் நாட்டில் இருப்பது போலவே இருக்கிறதே" என்று கேட்டார். அடுத்த இரண்டு மணி நேரம் அங்கேயே சுற்றியிருக்கிறார்.

அவர் பார்த்தது கொறங்காடு. தாராபுரம், மூலனூர், காங்கயம் பக்கத்து வாசகர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மழையை மட்டும் நம்பிய மேய்ச்சல் காடு அது. சுற்றிலும் முள்கிளுவை உயிர்வேலி, உள்ளே கொழுக்கட்டைப்புல், இடையிடையே வெள்வேல மரம். புல் காய்ந்துவிடும் கோடையில் வெள்வேலங்காய் ஆட்டுக்குத் தீவனமாகும். ஒரு பட்டியில் மேய்த்து, புல் தேய்ந்ததும் அடுத்த பட்டிக்கு மாற்றுவார்கள். காங்கயம் மாட்டை வளர்த்தெடுத்த நிலம் இதுதான். "எங்கள் நாட்டின் தெற்கே போரானா மக்கள் மாடு மேய்க்கும் பகுதியும் இப்படித்தான் இருக்கும். ஆனால் அங்கே உயிர்வேலி இல்லை" என்று இரவு போனில் சொன்னார். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அம்மா ஒருவர் தன் தூக்குவாளியிலிருந்து அவருக்கு மோர் ஊற்றிக் கொடுத்திருக்கிறார். தவறான ஊருக்குப் போன மனக்குறை அவருக்குக் கொஞ்சமும் இருந்ததாகத் தெரியவில்லை.

"நாளை காலை ஒரு மணிக்கு வந்துவிடுகிறேன் சார்" என்றார். காலை ஒரு மணியா? உடனே அவரே சிரித்து, "ஏழு மணிக்கு" என்று திருத்தினார். அவர்கள் ஊர்க் கணக்கில் பொழுது விடிந்துதான் மணி எண்ணத் தொடங்குவார்களாம். நமக்கு ஏழு என்றால் அவர்களுக்கு ஒன்று. அசதியில் பழைய கணக்கு வாயில் வந்துவிட்டது. நம் தாத்தாக்களும் உதயத்திலிருந்து நாழிகை எண்ணியவர்கள்தானே.

ஞாயிறு காலை சரியாக ஏழு மணிக்கு இறங்கினார். இம்முறை இறங்கியதும் முதலில் மலையைத்தான் பார்த்தார்.

கன்னிவாடிக்குள் நுழைகிற யாருக்கும் முதலில் தெரிவது மலைதான். கீழ்ப்பழனி மலையின் அடிவாரம் இது. ஒரு காலத்தில் பாளையமாக இருந்த ஊர். சமவெளியில் பருத்தி, மக்காச்சோளம், காய்கறி, பூ. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் ஒன்று இங்கே உண்டு. பக்கத்து ரெட்டியார்சத்திரத்தில் இந்திய, இஸ்ரேல் கூட்டுத் திட்டத்தில் வந்த காய்கறி மகத்துவ மையம் இருக்கிறது. வெளியூரிலிருந்து வரும் மாணவர்கள் பொதுவாக இந்த இரண்டையும் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். இவர் இரண்டையும் கேட்கவே இல்லை. காபி, காபி என்றுதான் இருந்தார்.

தருமத்துப்பட்டி வழியாக ஆடலூர், பன்றிமலை போகும் பேருந்தில் ஏறினோம். வழி காட்டி விடுவது மட்டும்தான் என் வேலை. என்றாலும் அந்த வழியில் எனக்கும் ஒரு தோட்டம் பார்க்க வேண்டியிருந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்தவரிடம், "எதற்குத் தனியாக வந்தீர்கள்?" என்று கேட்டேன். "வெள்ளிக்கிழமை சாயங்காலம் விடுதி காலியாகிவிடும் சார். எல்லோரும் ஊருக்குப் போய்விடுவார்கள். மெஸ்ஸில் நான் ஒருவன்தான் சாப்பிடுவேன். கூப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் எல்லா வாரமும் இன்னொருவர் வீட்டில் விருந்தாளியாக இருக்க முடியாதே" என்றார். வந்து ஒன்றரை வருடமாகிறது. பணம் போதாததால் ஒருமுறைகூட ஊருக்குப் போகவில்லை. மதுரைக் கடைகளில் காபி குடித்துப் பார்த்திருக்கிறார். பால்தான் தெரிந்ததாம், காபி தெரியவில்லையாம். காபிச் செடியைக் கண்ணால் பார்த்தால் போதும் என்றிருந்தபோதுதான் பழனி மலையில் காபி விளைவதாக யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

அவருடைய சொந்த ஊர் சிடாமா பகுதி. காபி வாங்கும் உலக வியாபாரிகள் எல்லோருக்கும் தெரிந்த பெயர். நாம் பயிரிடும் அராபிகா காபிக்கே பூர்வீகம் எத்தியோப்பியாவின் தென்மேற்குக் காடுகள்தான். அங்கிருந்து ஏமன் போய், ஏமனிலிருந்து பாபா புதான் வழியாகச் சிக்கமகளூர் மலைக்கு வந்தது என்பது நாம் கேட்டு வளர்ந்த கதை. ஆக, செடி நமக்கு முன்பே பயணம் செய்து வந்துவிட்டது.

கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கியதும் குளிர் வந்தது. ஆயிரம் மீட்டரைத் தாண்டினால் பயிர் மாறிவிடும். சவ்சவ் பந்தல், ஆரஞ்சு, எலுமிச்சை, பட்டர்ஃப்ரூட், சில்வர் ஓக் மரத்தில் ஏறிய மிளகு, அவற்றின் அடியில் காபி, காபிக்கு நடுவே மலைவாழை. தம்பி பேச்சை நிறுத்திவிட்டார். ஒரு வளைவில் பேருந்து மெதுவாகப் போனபோது சாலையோரம் சிவந்த பழத்தோடு காபிச் செடி தெரிந்தது. அவர் எழுந்தே நின்றுவிட்டார். பின்னால் இருந்த பாட்டி, "உக்காருப்பா, விழுந்துராத" என்று சட்டையைப் பிடித்து இழுத்தார்.

நாங்கள் இறங்கியது பன்றிமலைக்குச் சற்று முன்பாக, எனக்குப் பல வருடமாகத் தெரிந்த ஒரு விவசாயியின் தோட்டத்தில். அறுபத்தைந்து வயதிருக்கும். மூன்று ஏக்கர். அறுவடைக் காலம் என்பதால் களத்தில் காபிப் பழம் காய்ந்துகொண்டிருந்தது. தம்பி ஒரு பழத்தைப் பறித்து, தோலைச் சப்பிவிட்டு, கொட்டையை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். பிறகு களத்தில் கிடந்ததைக் கையில் அள்ளி, பச்சைக் காயை ஒரு பக்கம், பழத்தை ஒரு பக்கம் எனப் பிரித்தார். "எங்கள் ஊரில் சிவப்பை மட்டும்தான் பறிப்போம். ஒரே செடிக்கு மூன்று, நான்கு முறை வருவோம்" என்றார். நான் தமிழில் சொன்னேன். பெரியவர் சிரித்தார். "நாலு தடவ பறிக்க ஆள் எங்க இருக்கு? ஒரு ஆளுக்கு என்ன கூலின்னு தம்பிகிட்ட சொல்லுங்க சார்." சொன்னேன். தம்பி மறுபேச்சுப் பேசவில்லை. பிறகு, "எங்கள் ஊரில் என் அம்மாவும் தங்கைகளும் பறிப்பார்கள். அவர்களுக்குக் கூலியே கிடையாது" என்றார்.

வாழைக்கு நடுவே நடந்தபோதுதான் அவர் நின்றார்.

ஓரமாக ஒரு விருப்பாட்சி வாழைத் தூர். இடுப்பளவுகூட வளரவில்லை. இலைகள் குறுகி, நிமிர்ந்து, உச்சியில் கொத்தாக நெருக்கிக்கொண்டு நின்றன. ஓரமெல்லாம் மஞ்சள். பெரியவர் இடுப்பிலிருந்த கத்தியை எடுத்து மட்டையைச் சீவிக் காட்டப் போனார். தம்பி சட்டென்று அவர் கையைப் பிடித்துவிட்டார். "கத்தி வேண்டாம் அப்பா!" தமிழில் அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். பெரியவர் திகைத்துப்போய் என்னைப் பார்த்தார்.

அவர்கள் ஊரில் வாழை போலவே தோற்றமுள்ள ஒரு பயிர் உண்டு. பெயர் என்செட். பழம் உண்பதில்லை. அடித்தண்டையும் கிழங்கையும் சுரண்டி, இலை பரப்பிய குழியில் மாதக்கணக்கில் புளிக்கவைத்து, அந்த மாவில் ரொட்டி சுடுவார்கள். கொச்சோ என்று பெயர். மழை பொய்த்த வருடத்திலும் நிற்கும். ஒரு மரம் தயாராக நான்கைந்து வருடமாகும். ஆகவே வீட்டைச் சுற்றி நிற்கும் என்செட்தான் அந்தக் குடும்பத்தின் களஞ்சியம். கோடிக்கும் மேற்பட்ட மக்களுக்கு அதுதான் சோறு. அதற்கு ஒரு பாக்டீரியா வாடல் நோய். 1968-ல் எத்தியோப்பியாவில் விஞ்ஞானிகள் அதை முதலில் விவரித்தார்கள். பிறகு வாழைக்கும் தாவி, 2001-ல் உகாண்டாவில் பெரும் சேதம் செய்தது. நோய் மரத்தை வெட்டிய கத்தியால் நல்ல மரத்தை வெட்டினால் போதும், பரவிவிடும். தம்பிக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது அவர்கள் வீட்டு மரங்கள் அப்படித்தான் போயின. "அம்மா ஒரே கத்தியால்தான் எல்லா வேலையும் செய்தார். எங்களுக்குத் தெரியாது" என்றார்.

நான் விளக்கினேன். இது வேறு நோய், முடிக்கொத்து. பாக்டீரியா இல்லை, நச்சுயிரி. கத்தியால் பரவாது. வாழை அசுவினியும் நோய்க்கன்றும்தான் இதைப் பரப்புகின்றன. 1889-ல் ஃபிஜித் தீவில் முதலில் பதிவானது. இலங்கைக்கு வந்து, 1940-களில் அங்கிருந்து கேரளாவுக்குள் நுழைந்து, பிறகு நம் மலைக்கும் ஏறியது. கீழ்ப்பழனி மலை முழுக்க நிறைந்திருந்த விருப்பாட்சி வாழை, இந்த நோயால்தான் இன்று அங்கங்கே திட்டுத் திட்டாக நிற்கிறது. பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு உரிய பழம். புவிசார் குறியீடும் வாங்கியாகிவிட்டது. ஆனால் குறியீட்டைக் கண்டு அசுவினி ஒதுங்கிப் போகாதே.

எல்லாம் கேட்டுவிட்டுத் தம்பி ஒரே கேள்வி கேட்டார். "இந்தக் கன்று எங்கிருந்து வந்தது?"

நான் அதை மொழிபெயர்க்கவில்லை. பெரியவருக்கு எப்படியோ புரிந்துவிட்டது. "வெளியூருக் கன்னு" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். முப்பது வருடத்துக்கு முன்பு நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. இந்தத் தோட்டத்துக்கு நடக் கன்று வேண்டும் என்று இவர் வந்து கேட்டார். மலையின் அடுத்த பக்கத்தில் ஒரு தோட்டத்தைப் பார்த்துவிட்டு, "அங்கே நன்றாக இருக்கிறது, வாங்குங்கள்" என்று சொன்னது நான்தான். தோப்பு நன்றாகத்தான் இருந்தது. ஓரத்தில் இரண்டு தூர் குட்டையாக நின்றதைப் பார்த்தேன். உரக்குறை என்று நினைத்தேன். அங்கிருந்து எடுத்த கன்றில் பாதிக்கு மேல் முதல் வருடமே கொத்தாகிவிட்டன. அந்த வருடம் அவர் மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தார். காலி நிலத்தில் ஒரு பகுதியை விற்றுத்தான் செய்தார். ஐந்து ஏக்கர் மூன்று ஏக்கரானது அப்போதுதான். இத்தனை வருடமும் ஒருமுறைகூட அதை என்னிடம் அவர் சொல்லிக்காட்டியதில்லை. நான் வந்தால் காபி கொடுப்பார், காய் கொடுப்பார்.

தம்பியிடம் ஆங்கிலத்தில் சொன்னேன். பிறகு பெரியவரிடம் தமிழில் சொன்னேன். "நான் சொன்ன தோட்டத்துக் கன்றுதான் என்று தம்பியிடம் சொல்லிவிட்டேன்." அவர், "அது போகட்டும் சார், அப்ப உங்களுக்கும் சின்ன வயசு" என்றார். வேறொன்றும் பேசவில்லை.

பிறகு அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தோம். தம்பி, அந்த வீட்டு அம்மாவிடம் அனுமதி கேட்டு, காய்ந்த கொட்டையை உரலில் குத்தித் தோல் நீக்கி, இரும்புச் சட்டியில் அவரே வறுத்தார். அவர்கள் ஊரில் விருந்தாளி முன்னால்தான் வறுப்பார்களாம். புகையை ஒவ்வொருவர் முகத்துக்கு நேராகவும் காட்டுவார்களாம். ஜெபெனா என்ற மண்கூஜாவில் காய்ச்சி, ஒரே தூளில் மூன்று முறை ஊற்றுவார்களாம். இங்கே ஈயப் பாத்திரம்தான் கிடைத்தது. அந்த அம்மா இரண்டாவது சுற்றில் நிறுத்திக்கொண்டார். "இம்புட்டுக் கசப்பாவா குடிப்பீக? வயிறு என்னத்துக்காகும்?" என்று கேட்டு, தன் டம்ளரில் கருப்பட்டியைப் போட்டுக்கொண்டார். தம்பி மூன்று சுற்றும் குடித்தார். மூன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் களத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் யாரும் பேச்சுக் கொடுக்கவில்லை.

பேச்சு மறுபடி வாழைக்கு வந்தது. நோய்த் தூர்களை எடுத்துவிடுங்கள் என்று நான் இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பெரியவர் பதில் எப்போதும் ஒன்றுதான். "நான் எடுக்கிறேன் சார். பக்கத்துத் தோட்டத்துல எடுக்கலையே. அங்கிட்டிருந்து பூச்சி வராதா?" நியாயமான கேள்வி. இதே கேள்வியைத்தான் இந்தப் பத்திரிகையின் கேள்வி-பதில் பகுதிக்கும் பலர் அனுப்புகிறீர்கள். தம்பி சொன்னார், "எங்கள் ஊரிலும் இதே பேச்சுத்தான் நடந்தது. ஒவ்வொருவரும் பக்கத்து வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம். முதலில் பிடுங்கியவர்கள் முட்டாள்கள் என்று சிரித்தோம். இரண்டு வருடத்தில் எங்கள் தெருவில் ஒரு மரமும் இல்லை." முதலில் பிடுங்கியவர்களுக்கு என்ன ஆனது என்று பெரியவர் கேட்டார். "அவர்களுக்கும் போய்விட்டது" என்றார் தம்பி. பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. நான் தலையில் கை வைத்துக்கொண்டேன்.

எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதிவிடுகிறேன். முடிக்கொத்தை ஆரம்பத்திலேயே கண்டுபிடிக்க இலைக்காம்பையும் நடுநரம்பையும் வெளிச்சத்தில் பாருங்கள். கரும்பச்சையில் புள்ளியும் கோடுமாகத் தந்தி அடித்தது போல் இருக்கும். இலை கொத்தாவது அதற்குப் பிறகுதான். அசுவினி குருத்தின் இடுக்கிலும் அடிமட்டைக்குள்ளும் ஒளிந்திருக்கும். எறும்பு வரிசையாக ஏறினால் அங்கே பிரித்துப் பாருங்கள். பலர் செய்யும் தவறு, நோய் மரத்தைக் கண்டதும் ஆத்திரத்தில் வெட்டிச் சாய்ப்பது. அசுவினி உயிரோடு இருக்கும்போது வெட்டினால் அது அடுத்த மரத்துக்குத்தான் போகும். முதலில் அந்தத் தூருக்கும் சுற்றியுள்ள தூர்களுக்கும் மருந்தடித்து அசுவினியைக் கொல்ல வேண்டும். எந்த மருந்து, என்ன அளவு என்பதை உங்கள் பகுதி அலுவலரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு கிழங்கோடு தோண்டி எடுத்து, துண்டாக்கி, மறுபடி துளிர்க்காமல் அழிக்க வேண்டும். ஒரே தூரில் நான்கு கன்று இருந்து ஒன்றில் மட்டும் நோய் தெரிந்தாலும் நான்கையும்தான் எடுக்க வேண்டும். நன்றாக இருக்கிற கன்றை மட்டும் பிரித்து நடலாமா என்று கேட்காதீர்கள். மனசு கேட்காதுதான், ஆனால் அதுவும் நோய்க்கன்று. புதிதாக நடுகிறவர்கள் நச்சுயிரி இல்லை என்று சோதித்துச் சான்று தந்த திசு வாழைக் கன்றை வாங்குங்கள். திருச்சி தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தில் இந்தச் சோதனை வசதி உண்டு. பக்கக்கன்றுதான் வேண்டும் என்றால், தாய்த் தோட்டத்தை ஒருமுறை பார்த்துவிட்டு வாங்காதீர்கள். ஓரத்தில் நிற்கும் குட்டைத் தூரையும் பாருங்கள். நான் பார்த்தும் பார்க்காமல் விட்டது அதைத்தான்.

மாலைப் பேருந்துக்குத் தம்பி கிளம்பினார். பெரியவர் ஒரு சீப்பு மலைவாழையும், காகிதத்தில் மடித்த காபிக் கொட்டையும் கொடுத்தார். "விடுதியில வறுக்க விடுவாகளா?" என்று கேட்டார் அந்த அம்மா. "விட மாட்டார்கள், ஆனால் சனிக்கிழமை யாரும் இருக்க மாட்டார்கள்" என்றார் தம்பி. கன்னிவாடியில் நான் இறங்கிக்கொண்டேன். அவர் ஜன்னல் வழியாக, "இந்தக் கன்னிவாடி, திண்டுக்கல் மாவட்டம்" என்று தமிழில் சொல்லிக்காட்டிச் சிரித்தார்.

மாசி இரண்டாம் வாரம் பெரியவர் போன் செய்தார். மருந்தடித்து, பதினேழு தூரைத் தோண்டி எடுத்துவிட்டதாகச் சொன்னார். நான் நேரில் போய்ப் பார்த்தேன். ஒழுங்காகத்தான் எடுத்திருந்தார். அந்த இடத்தில் உடனே வாழை நடவில்லை, அவரை போட்டிருந்தார். பக்கத்துத் தோட்டக்காரரிடமும் பேசினேன். குலை தள்ளியிருக்கிறது, வெட்டிவிட்டு எடுக்கிறேன் என்றார்.

தம்பி அநேகமாக மாதம் ஒருமுறை செய்தி அனுப்புவார். படிப்பு பற்றி ஒரு வரி, மழை பற்றி ஒரு வரி. கடைசியில் எப்போதும் ஒரு கேள்வி: "பக்கத்துத் தோட்டத்தில் எடுத்துவிட்டார்களா சார்?" போன வாரமும் கேட்டிருந்தார். பாதி எடுத்திருக்கிறார்கள் என்று பதில் போட்டேன்.